சிறிய மனை, பக்கத்து வீடு, மான்: வில் வேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலடெல்பியாவுக்கு மேற்கே, வீடுகளும் சிறு தோப்புகளும் மாறி மாறி வரும் புறநகரில் குடியிருக்கிறேன். பதினொரு இலையுதிர்காலங்களாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறேன். அதில் பெரும்பகுதி இரண்டு, மூன்று ஏக்கர் மனைகளில், சமையலறை ஜன்னல்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்தது. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, நியூயார்க் மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். தோட்டத்தை மான் தின்று தீர்க்கிறது, நான் வேட்டையாடலாமா என்பவர்கள் சிலர். அடுத்த வீட்டுக்காரர் வில்லோடு மரத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் குழந்தைகள் வெளியே போகலாமா என்பவர்கள் சிலர். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊருக்குள் மானை அம்பெய்து கொல்வது குற்றமில்லையா?

இந்தியாவில் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு முதல் அதிர்ச்சி இயல்பானதுதான். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் பருவம், உரிமம், எண்ணிக்கை, நேரம் எல்லாவற்றையும் வரையறுத்து மான் வேட்டையை அனுமதிக்கிறது. அந்த வரையறைக்குள் நடந்தால் சட்டபூர்வம். அதிலிருந்து ஓர் அடி விலகினாலும் குற்றம்.

வீடுகளுக்கு நடுவே இத்தனை மான்கள் எப்படி வந்தன?

நாம்தான் கொண்டுவந்தோம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தைக்காக நடந்த கட்டற்ற வேட்டையால் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம் அளவுக்குச் சுருங்கியிருந்தன. பென்சில்வேனியாவில் அவை அற்றுப்போகும் நிலை வந்ததால் 1906-இல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து மான்களைத் தருவித்துக் காட்டில் விட்டார்கள். இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று கோடி மான்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

பெருகியதற்குக் காரணம் பாதுகாப்புச் சட்டங்கள் மட்டுமல்ல. மானுக்கு அடர்ந்த காட்டைவிடக் காட்டின் விளிம்பே பிடிக்கும். நம் புறநகர்கள் விளிம்பைத் தவிர வேறொன்றுமில்லை: கொஞ்சம் மரம், கொஞ்சம் புல்வெளி, உரமிட்டு வளர்த்த ரோஜாச் செடி, ஹோஸ்டா என்ற அகன்ற இலைச் செடி. ஓநாயும் பூமாவும் இங்கிருந்து போய் நூறாண்டுக்கு மேலாகிறது. நல்ல தீனி கிடைக்கும் பிணைமான் ஆண்டுதோறும் இரண்டு குட்டிகள் போடும். வீடுகள் நெருங்கிய இடத்தில் துப்பாக்கி வேட்டைக்கும் வழியில்லை. பிறகு பெருகாமல் என்ன செய்யும்?

கேடு ரோஜாச் செடியோடு நிற்பதில்லை. பிலடெல்பியாவை அடுத்த வேலி ஃபோர்ஜ் தேசிய வரலாற்றுப் பூங்காவில் இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிட்டதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் போனது. 2010 குளிர்காலத்தில் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மான்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். ஒரு தோப்பின் தரையில் ஓக் கன்று ஒன்றுகூட இல்லாமல் வெறும் புல் மட்டும் பரவியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தத் தோப்பில் இன்று நிற்கும் மரங்கள்தான் கடைசித் தலைமுறை.

துப்பாக்கி இல்லாமல் வில் ஏன்?

தூரம்தான் காரணம். பென்சில்வேனியாவில் ஆள் வசிக்கும் கட்டடத்தைச் சுற்றி 150 கெஜத்துக்குள், அங்கே வசிப்பவரின் அனுமதியின்றித் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. வில்லுக்கு அந்த வட்டம் 50 கெஜம். நியூயார்க்கில் துப்பாக்கிக்கு 500 அடி, சாதாரண வில்லுக்கு 150 அடி, விசையோடு கூடிய குறுக்கு வில்லுக்கு 250 அடி. நியூ ஜெர்சியில் துப்பாக்கிக்கு 450 அடி, வில்லுக்கு 150 அடி. வில்லைப் பொறுத்தவரை மூன்று மாநிலங்களும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்கின்றன: 50 கெஜம், அதாவது 150 அடி. பள்ளி, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களுக்குத் தனி விதி உண்டு. பென்சில்வேனியாவில் அவற்றுக்கு வில்லுக்கும் 150 கெஜம்தான். மாசசூசெட்சில் அம்புக்கும் 500 அடி என்பதால் அங்கிருப்பவர்கள் இந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மனை ஒரு ஏக்கர். போதுமா?

காகிதத்தில் ஒரு படம் வரைந்து பாருங்கள். ஒரு ஏக்கர் சதுர மனையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 70 கெஜம். சுற்றியுள்ள மனைகளும் ஒரு ஏக்கர், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீடுகளிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடம் நான்கு மனைகள் கூடும் மூலை. அங்கிருந்து எந்த வீட்டின் நடுவுக்கும் 49 கெஜம்தான். சுவரிலிருந்து அளந்தால் இன்னும் குறையும். ஆக, ஒரு ஏக்கர் மனைகள் நிறைந்த குடியிருப்பில் பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே கால் வைக்க ஓர் அங்குலம்கூட இல்லை.

இரண்டு ஏக்கர் மனைகளில் அந்த மூலை வீடுகளின் நடுவிலிருந்து 70 கெஜம் தள்ளிப்போகும். அங்கே ஒரு மரம் இருந்தால் சட்டப்படி இடம் கிடைக்கும்.

ஒரு ஏக்கர்க்காரர் கைவிட வேண்டியதுதானா? இல்லை. மூன்று மாநிலச் சட்டங்களுமே வீட்டில் வசிப்பவரோ உரிமையாளரோ அனுமதித்தால் வட்டத்துக்குள் வேட்டையாடலாம் என்கின்றன. நியூ ஜெர்சியில் அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். மற்ற மாநிலங்களிலும் நான் எழுதித்தான் வாங்குகிறேன். சிறிய மனையில் வேட்டை மரத்தடியில் தொடங்குவதில்லை, பக்கத்து வீட்டு வாசலில் தொடங்குகிறது. சட்டமே உங்களை அங்கே அனுப்பிவைக்கிறது.

வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறேன். அப்போதும் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டுமா?

சட்டம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

மான் ஓடும். ஒவ்வொரு முடிவும் அதிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டு நுரையீரலும் துளைபட்ட மான்கூட நின்ற இடத்தில் விழுவதில்லை. பத்து நொடிக்குள் நூறு கெஜம் ஓடிவிட்டுத்தான் விழும். உங்கள் மனையின் பக்கமோ 70, 100 கெஜம். குறி பிசகாமல் எய்தாலும் மான் இன்னொருவர் மண்ணில் விழ எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

முதல் ஆண்டு எனக்கு இது உறைக்கவில்லை. எல்லையைத் தொட்டிருந்த இரண்டு வீடுகளில் மட்டும் பேசியிருந்தேன். அக்டோபர் மாலை ஒன்றில் எய்த பிணைமான் அவற்றைக் கடந்து மூன்றாம் வீட்டின் ஊஞ்சலருகே போய் விழுந்தது. பள்ளிவிட்டு வந்த சிறுமி பின்கதவைத் திறந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். நான் உருமறைப்புச் சட்டையோடு, கையில் வில்லோடு அவர்கள் வாசலில் போய் நின்றேன். அந்தத் தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அந்த ஆண்டு அதன் பிறகு நான் மரம் ஏறவில்லை.

இப்போது நான் மரத்தில் கட்டி உட்காரும் பரணைச் சுற்றி 150 கெஜத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறேன். இரண்டு ஏக்கர் மனைகள் என்றால் அது ஏழெட்டு வீடுகள். ஒரு சனிக்கிழமை போதும்.

போய் என்ன பேசுவது?

ஆகஸ்டில் போங்கள். பருவம் தொடங்கிய பிறகு போனால் அது அனுமதி கேட்பதாகாது, அறிவிப்பதாகிவிடும். சாதாரண உடையில், வெளிச்சம் இருக்கும்போது, மனையின் படத்தை அச்சிட்டு எடுத்துப் போங்கள். எந்த மரம், எந்தத் திசையில் மட்டும் எய்வேன், எந்தெந்த நாட்களில் வருவேன் என்று படத்தில் காட்டுங்கள். தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். பிறகு அவர்களைக் கேளுங்கள்: நாயை எப்போது வெளியே விடுவீர்கள், பிள்ளைகள் எந்தப் பக்கம் விளையாடுவார்கள், புல்வெட்ட ஆள் என்று வருவார், பிறந்தநாள் விருந்து ஏதும் இருக்கிறதா? இந்தப் பதில்கள் இல்லாமல் நான் மரம் ஏறுவதில்லை.

கடைசியாக, கேட்கவே சங்கடமான கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "மான் உங்கள் மனையில் வந்து விழுந்தால் நான் உள்ளே வந்து எடுத்துப்போகலாமா?" பலர் இதற்குச் சரி என்றுதான் சொல்கிறார்கள். எதிர்பாராமல் நேர்வதைத்தான் அவர்கள் வெறுக்கிறார்கள்.

நம்மவர் வீடுகளில் பேச்சு வேறு மாதிரிப் போகும். பேரனைப் பார்க்கக் காரைக்குடியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, அது வாயில்லா ஜீவன். உனக்கு என்ன தீங்கு செய்தது?" என்று கேட்டார். வாதாட மனம் வரவில்லை. "எதுவும் செய்யவில்லை அம்மா. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இந்தப் பக்கத்துப் பரணைக் கழற்றிவிடுகிறேன்" என்றேன். அந்த மரத்தில் அந்த ஆண்டு பரண் கட்டவில்லை. பாவம் என்று மனமார நினைப்பவரிடம் காட்டின் கணக்கைச் சொல்லி வெல்லப் பார்ப்பது மரியாதையாகாது.

மறுத்துவிட்டால்?

அது அவர்கள் மண், அவர்கள் சொல்தான் முடிவு. அந்த வீட்டை நோக்கி ஓடும் வழியில் நிற்கும் மானை எய்யாதீர்கள். மூன்று பக்கம் மறுத்துவிட்டால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.

அம்பு தவறிக் குழந்தைமேல் பட்டுவிடாதா?

இந்த அச்சத்தை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. புகழ்ச்சியில் மிகை இருக்கலாம். ஆனால் அம்பு மானைத் துளைத்து மறுபக்கம் போகும் என்பது அன்றாட உண்மை. கப்பிகள் பொருத்திய இன்றைய காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

அதற்கு விடை உயரம். தரையில் நின்று, தோள் உயரத்திலிருந்து 20 கெஜத்தில் நிற்கும் மானை எய்தால், நெஞ்சைத் துளைத்த அம்பு மண்ணைத் தொட இன்னும் 40 அடி போகும். அதன்பிறகு சறுக்கவும் செய்யும். அதே அம்பு 20 அடி உயரத்திலிருந்து கிளம்பினால் மானைத் தாண்டி ஆறேழு அடிக்குள் மண்ணில் குத்திவிடும். மானின் முதுகுக்கு மேலே தவறிப் போனாலும் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் நின்றுவிடும். நியூ ஜெர்சியில் கட்டடத்திலிருந்து 150 முதல் 450 அடிக்குள் வில் வேட்டை ஆடுபவர் உயரத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. என் மனத்தில் இது எல்லா மாநிலத்துக்கும் சட்டம்.

பரண் எப்படி அமைப்பது?

அன்று தினைப்புனம் காக்கக் கட்டிய அதே பரண்தான். இன்று மரத்தில் வாரிட்டுக் கட்டும் இரும்பு ஏணியும் இருக்கையுமாக விற்கிறார்கள். முதுகு உங்கள் வீட்டைப் பார்க்க, முகம் மனையின் உட்புறத்தைப் பார்க்க இருக்கட்டும். அண்டை வீட்டை நோக்கிக் குறிபார்க்கவே முடியாதபடி கிளைகளை விட்டுவையுங்கள். நான் பரணிலிருந்து 20 கெஜத்தில் நான்கு குச்சிகளை நட்டு, அவற்றுக்கு அப்பால் நிற்பது எதுவாக இருந்தாலும் எய்வதில்லை.

வேட்டைக்காரர்களுக்கு நேரும் கடும் விபத்துகளில் பரணிலிருந்து விழுவது முக்கியமான ஒன்று. தரையை விட்டுக் காலெடுக்கும் கணம் முதல் மீண்டும் மண்ணைத் தொடும்வரை உடல் முழுவதும் அணையும் பாதுகாப்பு வார் மரத்தோடு இணைந்திருக்க வேண்டும். மரம் தோட்டத்துக்குள்தானே இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். இருபது அடி எங்கிருந்தாலும் இருபது அடிதான்.

எவ்வளவு தூரத்தில் எய்யலாம்?

சிறிய மனையில் 20 கெஜம். பயிற்சித் திடலில் 50 கெஜத்தில் குறி தப்பாதவர்களுக்கும் இதையே சொல்வேன். அம்பு போவதற்குள் வில்லின் ஒலி மானை எட்டிவிடுகிறது. 20 கெஜத்தில் அம்பு சேர 0.2 நொடிக்குச் சற்றுக் கூடும். ஒலியோ 0.05 நொடியில் போய்விடும். மிரண்ட மான் பாயத் தயாராக உடலைத் தாழ்த்த இந்த இடைவெளி போதாது. 40 கெஜத்தில் அதற்கு இருமடங்குக்கும் மேல் நேரம் கிடைக்கிறது. நெஞ்சுக்கு வைத்த குறி முதுகெலும்பிலோ வெறும் தசையிலோ படும். அந்த மான் எங்கே ஓடும், எத்தனை வேலிகள் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது சற்றே அப்புறம் திரும்பி நிற்கும் மான். இந்த இரண்டு நிலைகளில் மட்டுமே எய்யுங்கள். நேரெதிரே பார்த்து நிற்பதையும், ஓடுவதையும், செடி மறைப்பதையும் விட்டுவிடுங்கள். பதினொரு ஆண்டில் நான் எய்த மான்களைவிட விட்டுவிட்ட மான்கள் பல மடங்கு.

அம்பு பட்ட மான் அடுத்த மனைக்குள் ஓடிவிட்டால்?

அகப்பாட்டில் ஒரு துறை உண்டு. வில்லேந்திய தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, "என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்பான். கெடுதி வினாதல் என்பார்கள். அவனுக்கு அது பேச்சுக்கு ஒரு சாக்கு. நமக்கு அதுதான் சட்டம்: கேட்காமல் உள்ளே போகக் கூடாது. பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும், அடிபட்ட மானைத் தேடுவதாக இருந்தாலும் அடுத்தவர் நிலத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். வன உயிர்க் காவலரை அழைத்தால் அவர் உங்களுக்காகப் பேசிப்பார்க்கலாம், நிலக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. பென்சில்வேனியாவின் பெரும்பகுதியில் மரங்களில் ஊதாப் பட்டை தீட்டியிருந்தால் நுழையாதே என்ற பலகைக்குச் சமம். 2020 முதல் அது சட்டம்.

எய்தவுடன் இறங்காதீர்கள். மான் எந்த மரத்தைக் கடைசியாகக் கடந்தது என்று மனத்தில் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் மேலேயே இருங்கள். பிறகு அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். நுரையுள்ள இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல். அப்படியானால் மான் அருகில்தான் விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு ஈரலாக இருக்கலாம், நான்கைந்து மணி நேரம் காத்திருங்கள். பச்சை நிறமும் நாற்றமும் குடல். அப்போது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். பதறிப் பின்தொடர்ந்தால் படுத்துவிட்ட மான் எழுந்து இன்னும் நாலு வேலி தாண்டும். இந்தக் காத்திருப்பு கொடியது. ஓர் உயிர் நம்மால் வதைபடுகிறது என்று தெரிந்தும் அசையாமல் இருக்க வேண்டும். 20 கெஜம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காத்திருக்கும் நேரத்தில் மான் போன திசையிலுள்ள வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வில்லை வண்டியில் வைத்துவிட்டுப் போங்கள். உருமறைப்புச் சட்டையைக் கழற்றிவிடுங்கள். பழைய போர்வை ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், மானைக் கண்டதும் மூடுங்கள். புல்லில் சிந்திய ரத்தத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாலையில் திரும்பப் போய் நன்றி சொல்லுங்கள்.

தடம் அற்றுப்போனால் ரத்த வாடை பிடிக்கப் பழக்கிய நாய்களை வாரில் கட்டி அழைத்துவருவோர் உண்டு. நியூயார்க்கில் இதற்குத் தனி உரிமம் இருக்கிறது. பென்சில்வேனியா 2018-இல் அனுமதித்தது. அப்படி ஒருவரின் எண்ணைப் பருவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

எந்த நேரம் நல்லது?

சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து மறைவுக்கு அரைமணி பின்வரை என்பது பொதுவான வரம்பு. சிறிய மனையில் நான் வாரநாள் காலையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். பள்ளிப் பேருந்து போன பிறகு தெரு அடங்கிவிடும். மானைத் தேட முழுப் பகல் இருக்கும். மாலையில் எய்தால் இருட்டில் டார்ச் விளக்கோடு வீடுகளுக்கு நடுவே அலைய நேரும். அந்தக் காட்சியை யார் ஜன்னலிலிருந்து பார்த்தாலும் காவல்துறையைத்தான் அழைப்பார்கள்.

மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைக்கலாமா?

நியூ ஜெர்சியில் அனுமதி உண்டு. நியூயார்க்கில் தடை. பென்சில்வேனியாவில் பொதுவாகத் தடை, சில விலக்குகள் உண்டு, அந்த ஆண்டுக் கையேட்டைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைப்பது நோய் பரவ வழி. உங்கள் சோளத்துக்கு வரும் மான்கள் போகும் வழியில் அண்டை வீட்டுச் செடியையும் மேயும்.

கொம்புள்ள ஆண்மானா, பிணையா?

எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் பிணை. ஓர் ஆண்மான் பல பிணைகளோடு சேரும் என்பதால் ஆண்மானை எடுப்பதால் அடுத்த ஆண்டுக் குட்டிகள் குறைவதில்லை. அக்டோபரில் ஒரு பிணையை எடுத்தால் அடுத்த ஜூனில் இரண்டு குட்டிகள் குறையும். அண்டை வீடுகளில் தோட்டத்தைக் காப்பாற்றுவேன் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டுக் கொம்புக்காக மட்டும் காத்திருப்பது வாக்குத் தவறுவதாகும். பிணைமானுக்கு உரிமம் தனி, எண்ணிக்கையும் வரம்புக்குட்பட்டது. முன்கூட்டியே வாங்க வேண்டும்.

கொல்லாமல் கருத்தடை செய்ய முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். முயன்றவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் பிணைமான்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சினையாகாத பிணைகள் மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வந்ததால் வெளியிலிருந்து ஆண்மான்கள் வந்து சேர்ந்தன. மொத்த எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. வேட்டைக்குத் தடையுள்ள நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் 2016 முதல் ஆண்மான்களுக்குக் கருத்தடை செய்துவருகிறார்கள். நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்துக்கு அது பொருந்தக்கூடும். நான்கு பக்கமும் திறந்த புறநகரில், ஒவ்வொரு மானையும் மயக்கிப் பிடித்துச் செய்யும் செலவை எந்த ஊராட்சி தாங்கும்?

மானைக் குறைத்தால், உண்ணி கடித்து வரும் லைம் நோய் குறையுமா?

ஓரிரு மான்களை எடுப்பதால் குறையாது. யாரேனும் அப்படிச் சொல்லி அனுமதி கேட்டால் நம்ப வேண்டாம். நோய்க்கிருமி உண்ணிக்குள் போவது பெரும்பாலும் வெண்கால் எலியிடமிருந்து. மான் கிருமியைத் தருவதில்லை. வளர்ந்த உண்ணிக்கு உணவும் இணைசேரும் இடமுமாக இருக்கிறது. மெய்ன் மாநிலத்தின் மன்ஹீகன் தீவில் 1990-களின் இறுதியில் எல்லா மான்களையும் அகற்றிய பிறகு உண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. அது தீவு, அகற்றியது முழுமையாக. உங்கள் தெருவில் அப்படி நடக்கப்போவதில்லை. புல்லை வெட்டுங்கள், மாலையில் பிள்ளைகளின் காலைப் பாருங்கள்.

வேட்டையாடுவது நானல்ல, அடுத்த வீட்டுக்காரர். எனக்கு என்ன உரிமை?

உங்கள் வீட்டிலிருந்து 50 கெஜத்துக்குள் அவர் வேட்டையாட உங்கள் அனுமதி வேண்டும். அது அவருடைய மனையாக இருந்தாலும் அப்படித்தான். உங்கள் மண்ணில் மானைத் தேடி நுழையவும் அனுமதி வேண்டும். இரண்டையும் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மீறினால் மாநில வன உயிர்த் துறைக்குச் சொல்லுங்கள்.

அதே வேளையில், சட்டப்படி நடக்கும் வேட்டையை வேண்டுமென்றே குலைப்பது ஐம்பது மாநிலங்களிலும் குற்றம். அவர் பரணில் இருக்கும்போது பாத்திரம் தட்டி மானை விரட்டுவது வம்பில் முடியும். உங்கள் பிள்ளைகள் உங்கள் தோட்டத்தில் வழக்கம்போல் ஓடி விளையாடுவது குற்றமல்ல. அதற்காக அவர்தான் தன் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தத் திசையில் எய்கிறார், எந்த நாட்களில் வருகிறார் என்று அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவருக்கு அனுமதி தராதீர்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேட்டையாடலாமா?

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு அதிலே விலக்கும் உண்டு. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கி வகையில் வராது. முதன்முறை உரிமம் வாங்க வேட்டைக் கல்விப் பாடத்தை முடிக்க வேண்டும். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் வில்லுக்குத் தனிப் பாடம். குடியிருப்போர் சங்கத்தின் விதிகளையும் படித்துவிடுங்கள், பல சங்கங்கள் முற்றாகத் தடுக்கின்றன.

இறைச்சியை என்ன செய்வது?

உண்ணத்தான். காட்டு மான் இறைச்சியை விற்பது குற்றம், கொடுப்பது குற்றமில்லை. அம்பில் ஈயம் இல்லாததால் ஈயத்துகள் பற்றிய கவலை இல்லை. கொழுப்பு மிகக் குறைவு. தொடைக்கறியை மிளகும் சீரகமும் அரைத்துச் சுக்கா வறுவலாகச் செய்தால் ஆட்டுக்கறி தோற்கும், ஆனால் அடுப்பில் கூடுதல் நேரம் விட்டால் நாராகிவிடும். அனுமதி தந்த வீடுகளில் உண்பவர்களுக்கு முதல் பங்கு போகும். மிகுந்தால் பென்சில்வேனியாவில் 1991 முதல் இயங்கும் ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட் அமைப்பு வழியாக உணவு வங்கிகளுக்குக் கொடுக்கலாம்.

மானை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யு.டி. என்ற நோய் 1967-இல் கொலராடோவில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது, பென்சில்வேனியாவில் 2012-இல் கண்டறியப்பட்டது. மனிதரைத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனால் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. நோய்ப் பகுதியில் எடுத்த மானின் தலையைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை இறைச்சியை உறையவைத்துக் காத்திருங்கள்.

குடலையும் கழிவையும்?

பெருங்காட்டில் அங்கேயே விட்டுவிடுவார்கள், நரியும் கழுகும் தின்னும். வீடுகளுக்கு நடுவே அது கூடாது. நாய் இழுத்துவந்து யாரோ ஒருவர் வாசலில் போடும். தடித்த பிளாஸ்டிக் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அதில் எடுத்து, ஊர்க் குப்பை விதிப்படி சேர்த்துவிடுங்கள். நோய்ப் பகுதியில் கழிவை அங்கிருந்து வெளியே கொண்டுபோகவும் தடை உண்டு. பென்சில்வேனியாவில் மானை எடுத்த பத்து நாட்களுக்குள் அதைத் துறைக்கு அறிவிக்க வேண்டும். நான் அன்றிரவே அறிவித்துவிட்டு, பரணைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்: "இன்றைக்கு முடிந்தது. நாளை நாயைத் தாராளமாக அவிழ்த்து விடலாம்."